அனிஷினாபேமொவின் மொழியைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை மாதம். டூலூத் நகரில், சுப்பீரியர் ஏரிக்குப் பக்கத்தில், நான் உதவிக்குப் போய்வரும் பாலர் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மொழி சொல்லித்தர வரும் பாட்டியிடம், "இன்னைக்கு ஒரு வேனபொஜொ கதை சொல்லுங்க பாட்டி" என்று கேட்டுவிட்டேன். வேனபொஜொ, அந்த மொழியின் பழங்கதைகளில் வரும் குறும்புக்கார நாயகன். பாட்டி பேசாமல் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். வெளியே பிர்ச் மரம் கிளை நிறைய இலையோடு நின்றது. "பனி விழட்டும் மகளே" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது, சின்ன வயதில் பெர்ரி பறிக்கப் போய் வாளியோடு சறுக்கி விழுந்த கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அனிஷினாபேமொவின் என்பதை ஒஜிப்வே மொழி என்றால் சிலருக்குச் சட்டென்று தெரியும். வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி, கனடாவில் ஒண்டாரியோ, மனிடோபா, அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் பக்கங்களில் வாழும் அனிஷினாபே மக்களின் மொழி அது. பல ஊர்களில் இதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் தாத்தா பாட்டிகள் மட்டும்தான். அதனால் பிள்ளைகளுக்குக் கதை வழியே மொழியைக் கொடுக்கப் பல ஊர்களில் ஆர்வமாக முயற்சி நடக்கிறது. அந்த ஆர்வத்தில் நானும், என்னைப் போல் உதவிக்கு வருகிற மற்றவர்களும் செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: கதையை, சொற்களைக் கட்டிக்கொடுக்கும் பொட்டலத் தாளாக நினைப்பது.

காலம் பார்க்காமல் கதை சொல்வது

அந்த மொழியில் கதைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஆடிஸோக்கான் என்பது ஆதிகாலத்துக் கதை, புனிதமானது. வேனபொஜொவின் கதைகள் (கனடாவில் பல ஊர்களில் அவர் நானபுஷ்) இந்த வகைதான். தரையில் பனி கிடக்கும் மாதங்களில்தான் இவற்றைச் சொல்வது வழக்கம். தவளையும் பாம்பும் விழித்திருக்கும் காலத்தில் சொல்லக்கூடாது என்பார்கள். கோடையில் அந்தப் பெயரையே வாய்விட்டுச் சொல்லாத குடும்பங்களும் உண்டு. நான் ஜூலையில், அதுவும் பிள்ளைகள் முன்னால், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று டிபாஜிமொவின். தனக்கு நடந்தது, பார்த்தது, கேட்ட சேதி எல்லாம் இதில் வரும். இதற்குக் காலக்கட்டு இல்லை. ஆகவே பாடத்திட்டம் போடும்போது முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். வசந்தத்தில் மேப்பிள் சாறு காய்ச்சுவார்கள். சுமார் 40 லிட்டர் சாறு சுண்டினால் ஒரு லிட்டர் பாகு வரும், கதை சொல்ல நேரம் ஏராளம். கோடையில் பெர்ரி. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஏரிகளில் மனோமின் என்ற காட்டரிசி அறுவடை. ஒருவர் படகைத் தள்ள, இன்னொருவர் இரண்டு கோல்களால் கதிரை வளைத்துப் படகுக்குள் தட்டுவார். இதெல்லாம் டிபாஜிமொவினுக்குப் பொன்னான காலம். "பனி விழுந்ததும் சொல்றேன்" என்று பாட்டி காத்திருக்க வைப்பதும் பாடத்தில் சேர்த்திதான். நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று காலை, பிள்ளைகள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகப் பாயில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

இந்தக் கட்டுப்பாடு ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். எந்தப் புத்தகத்தையும் நம்பி முடிவெடுக்காமல், அந்த ஊர்ப் பெரியவரைக் கேளுங்கள். கேட்கப் போகும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது அவர்கள் மரபு. அஸேமா என்பார்கள். கதையை ஒலிப்பதிவு செய்வதற்கும், இணையத்தில் போடுவதற்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். ஒன்றுக்குச் சரி என்றால் மற்றதற்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

பெயர்ச்சொல் பட்டியலும் வண்ண அட்டைகளும்

அட்டையில் கரடிப் படம், கீழே "மக்வ". அடுத்தது வாத்து. அப்புறம் நிறங்கள், எண்கள். ஆங்கிலத்துக்குச் சரிப்பட்டு வரும் இந்த முறை இங்கே பாதி வழியிலேயே நின்றுவிடும். ஏனென்றால் இந்த மொழியின் உயிர் வினைச்சொல்லில் இருக்கிறது. நிறமே வினைச்சொல்தான். உயிரில்லாத ஒன்று சிவப்பாக இருந்தால் மிஸ்க்வா. உயிருள்ளது சிவப்பாக இருந்தால் மிஸ்கொஸி. "சிவப்பு" என்று தனியாக அட்டையில் எழுத ஒரு சொல் கிடையாது. எது சிவப்பாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் வாயைத் திறக்க முடியும். பிபோன் என்ற ஒரே சொல்லுக்கு "குளிர்காலமாக இருக்கிறது" என்று பொருள். பனி பெய்கிறது என்பதும் ஒரே வினைதான், ஸோகிப்பொன்.

கதையில் இது தானாக வந்துவிடும். பிமொஸே, நடந்துபோகிறான். பிமிபட்டோ, ஓடுகிறான். பிமாடகா, நீந்திப்போகிறான். மூன்றிலும் முன்னால் நிற்கும் "பிம்" ஒரு பக்கமாக நகர்ந்து போவதைக் காட்டுகிறது. பாட்டி இதை விளக்கியதே இல்லை. கரடி பொம்மையைப் பாய் மேல் நடக்க வைப்பார், ஓட வைப்பார், நீலத் துணி மேல் நீந்த வைப்பார். மூன்றாவது வாரம் ஒரு பையன் தன் கார் பொம்மையைத் தள்ளிக்கொண்டே "பிமி, பிமி" என்று முணுமுணுத்தான். நான்கு வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் அவ்வளவு போதும்.

உயிருள்ளது, உயிரில்லாதது என்ற பிரிவில் நம்மவர்கள் ஒரு கண்ணியில் மாட்டுவார்கள். நமக்குத்தான் உயர்திணை, அஃறிணை தெரியுமே, அதே மாதிரிதான் என்று தோன்றும். அப்படி இல்லை. அஸின் என்ற கல் அங்கே பல இடங்களில் உயிருள்ள பெயர். மிஸ்கொமின் என்ற ராஸ்பெர்ரி உயிருள்ளது, ஒடே'இமின் என்ற ஸ்ட்ராபெர்ரி இல்லை. மிட்டிக் என்ற சொல்லுக்கு மரம் என்றும் பொருள், குச்சி என்றும் பொருள். மரங்கள் என்றால் மிட்டிகோக், அது உயிருள்ள பன்மை. குச்சிகள் என்றால் மிட்டிகோன், அது உயிரில்லாத பன்மை. இதை வைத்துப் பிள்ளைகளுக்குத் தத்துவ வகுப்பு எடுக்க வேண்டாம். கதையில் கல் வரும்போது சரியான வினையைப் போட்டு, "என்ன" என்று கேட்காமல் "யார்" என்று கேட்டால் போதும், அவேனென்? பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ஆங்கிலப் படக்கதையை வரிக்கு வரி மாற்றுவது

நேரம் இல்லாதபோது எல்லோரும் செய்வது இது. கையில் ஒரு ஆங்கிலப் படக்கதை, பக்கத்தில் அகராதி. வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றினால் வருவது அனிஷினாபே சொற்களில் எழுதிய ஆங்கிலம்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கரடியும் ஓர் ஓநாயும் வருகின்றன. "அவன் அவனைப் பார்த்தான்" என்றால் யார் யாரை என்று ஆங்கிலத்தில் குழப்பம் வரும், தமிழிலும் வரும். அங்கே வராது. கதை யார் பக்கம் நிற்கிறதோ அவர் பெயர் அப்படியே நிற்கும், மற்றவர் பெயரில் ஒரு விகுதி ஏறும். "மக்வ ஒவாபமான் ம'ஈங்கனன்", கரடி ஓநாயைப் பார்க்கிறது. சொற்களை முன்பின் மாற்றினாலும் பொருள் மாறாது. சரி, ஓநாய்தான் கரடியைப் பார்க்கிறது, ஆனால் கதை கரடியை விட்டு நகரக்கூடாது என்றால்? வினை மட்டும் மாறும்: "மக்வ ஒவாபமிகோன் ம'ஈங்கனன்". இப்போதும் நாம் கரடியின் பக்கத்தில்தான் நிற்கிறோம். கதை சொல்பவர் கேட்பவரைக் கைப்பிடித்து அழைத்துப்போவது இந்த விகுதிகளால்தான். மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போவதும் இவைதான், பிள்ளைகளுக்கு வேறு எங்கேயும் இவ்வளவு நிறையக் கிடைக்காததும் இவைதான்.

இன்னொரு சொல், கீவேன். தான் நேரில் பார்க்காத கதையைச் சொல்லும்போது இடையிடையே வரும். நம் பாட்டிமார் "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்" என்று இழுப்பார்களே, அந்த "ஆம்" செய்கிற வேலையை இது செய்கிறது. முதல் முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. ஆங்கிலத்திலிருந்து மாற்றிய கதைகளில் இந்தச் சொல் இருக்காது, எடுத்த நூலிலேயே அதற்கு இடம் இல்லையே. கதையின் வாசனையே போய்விடும்.

வரிக்கு வரி நிறுத்தி ஆங்கிலத்தில் விளக்குவதும் இதே தவறின் இன்னொரு முகம். அடுத்து ஆங்கிலம் வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை அதற்காகவே காத்திருக்கும். கை, முகம், பொம்மை, குரல், இவற்றால் புரிய வையுங்கள். முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே கதையை ஒரு மாதம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அலுப்பு பெரியவர்களுக்குத்தான், பிள்ளைகளுக்கு இல்லை.

கதையைக் கழுவித் துடைப்பது

வேனபொஜொ வாத்துகளைக் கண்ணை மூடி ஆடச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகும் கதை பிரபலம். ஒரு பறவை கண்ணைத் திறந்து பார்த்துக் கத்திவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆச்சே என்று கழுத்தைத் திருகுவதை எடுத்துவிட்டு, கடைசியில் "ஆகவே பிள்ளைகளே, யாரையும் உடனே நம்பக்கூடாது" என்று ஒட்டவைக்கிறார்கள். பாட்டி இப்படி ஒட்டவைத்ததே இல்லை. "மீ இவ்" என்று முடித்துவிட்டு எழுந்துவிடுவார். நாலைந்து நாள் கழித்து ஒரு பிள்ளை, "அது ஏன் கண்ணைத் திறந்துச்சு?" என்று அதுவாகவே கேட்டது. 

உச்சரிப்பைப் பற்றியும் தனியாக ஒரு வார்த்தை: குறில் நெடிலைக் கவனியுங்கள். ஆகிம் என்றால் பனிக்காலணி, அகிம் என்றால் "எண்ணு". நம் காதுக்கு இந்த வேறுபாடு பழக்கமானது, ஆங்கிலக் காதுக்கு நழுவும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் இணைய ஒஜிப்வே அகராதியில் பெரியவர்களின் குரலிலேயே பல சொற்களைக் கேட்கலாம். ஆனால் பிள்ளையின் வீட்டில் வேறு மாதிரி சொன்னால் அதைத் திருத்தாதீர்கள். இங்கே மக்வ என்பதைக் கிழக்கே ம்க்வ என்பார்கள். இரண்டும் கரடிதான்.

பெற்றோரை வாசலோடு நிறுத்துவது

எனக்கு மனதை மிகவும் உறுத்துவது இதுதான். 1879இல் பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளி தொடங்கிய பிறகு, பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிகளில் வைத்து, சொந்த மொழி பேசினால் தண்டிக்கும் பள்ளிகள் நாடெங்கும் வந்தன. கனடாவிலும் அதே கொடுமை, கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தாங்கள் பட்ட அடி தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று பலர் வாயை மூடிக்கொண்டார்கள். இன்று வகுப்பு வாசலில் நிற்கும் தாய்க்கு மொழி தெரியவில்லை என்றால் அதன் பின்னால் இவ்வளவு இருக்கிறது. "வீட்ல நீங்க பேசுறதே இல்லையா?" என்று அவரிடம் கேட்பதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை.

நியூசிலாந்தில் மவோரி மக்கள் 1982இல் தொடங்கிய மொழிக்கூடுகளில், அதாவது மவோரியிலேயே பேசும் பாலர் கூடங்களில், குடும்பமே உள்ளே வந்தது. விஸ்கான்சினில் லாக் கூர்ட் ஓரெய் என்ற ஒஜிப்வே மண்ணில் 2001இல் தொடங்கிய, அந்த மொழியிலேயே பாடம் நடக்கும் மூழ்கல்முறைப் பள்ளியின் பெயர் வாடோக்கொடாடிங், ஒருவருக்கொருவர் உதவும் இடம். எங்கள் வகுப்பில் செய்வது சின்னது. அந்த வாரக் கதையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம், பாட்டியின் குரலில், வீட்டுக்குப் போகும். அப்பாவோ அம்மாவோ பிள்ளையிடமிருந்தே அதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு நாள் சிற்றுண்டி நேரத்தில் நான் "நிவீ-வீஸினிமின்" என்றேன். சாப்பிடப் போகிறோம் என்று சொன்னதாக நினைப்பு. ஒரு சிறுமி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நமக்கு நாம், நாங்கள் இருப்பது போல அவர்களுக்கும் உண்டு. நான் சொன்னது "நாங்கள் சாப்பிடப் போகிறோம்", அவள் அதில் இல்லை. "கிவீ" என்று தொடங்கியிருக்க வேண்டும். தமிழ் பேசும் எனக்கே அது தப்பிப்போனது. இப்போது பாயை விரிக்கும்போது வாசலில் நிற்கும் பெற்றோரையும் பார்த்து நான் சொல்லும் சொல் "பிஸிண்டவாடா". பாட்டி சொல்வதை நாம் கேட்போம், வாங்க. போன வாரம் இரண்டு அம்மாக்களும் ஒரு தாத்தாவும் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.