பழைய நார்ஸ் ஆய்வாளராக: எதில் தொடங்குவது, எங்கே சறுக்கும்

பழைய நார்ஸ் என்பது இடைக்கால ஐஸ்லாந்து, நார்வே மக்களின் மொழி. வைகிங் கதைகள் மீதான ஆசை பலரை இந்தத் துறைக்கு இழுத்து வருகிறது. நிலைக்க வைப்பது சுவடி வாசிக்கும் திறன்தான். நியால் சாகாவுக்கு (சாகா என்பது ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதை) ஆசிரியரின் மூலப்பிரதி கிடையாது. ஏறத்தாழ 60 சுவடிகளும் துணுக்குகளுமே எஞ்சியுள்ளன. எந்தப் பாடம், அதாவது சுவடியில் உள்ள சொல் வடிவம், பழையது, எது படியெடுத்தவர் கைப்பிழை என்று சொல்லத் தெரிந்தவருக்கே இங்கு வேலை.

முதல் ஆண்டு உரைநடையோடு நில்லுங்கள். தினமும் பத்து வரி எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வேற்றுமை, பால், எண் குறியுங்கள். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். புதிய பத்தி வந்ததும் திணறுவீர்கள். எழுவாய் வினைக்குப் பின்னாலும் வருவதால், வெட்டியவன் யார், வெட்டுப்பட்டவன் யார் என்பதை விகுதி மட்டுமே சொல்லும். ஸ்கால்ட் எனப்பட்ட அரசவைக் கவிஞர்களின் கவிதைகளில் சொல்லடுக்கு இன்னும் சிக்கலானது, பிறகு பார்க்கலாம். கூடவே ஜெர்மனும் டேனிஷும் வாசிக்கும் அளவுக்காவது வேண்டும். பழைய பதிப்புகளின் முன்னுரைகள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கின்றன.

அடுத்தது படியெடுத்தல், அதாவது சுவடியைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுவது. ஹேண்ட்ரிட் என்ற சுவடிப் பட்டியல் தளத்தில் சுவடிப் படங்கள் இலவசம். 14ஆம் நூற்றாண்டின் தெளிவான கையெழுத்தில் ஒரு பக்கத்தை எடுங்கள். எழுத்தர்கள் பல சொற்களைச் சுருக்கக் குறிகளால் எழுதினார்கள். 'எச்' எழுத்தின் தண்டில் குறுக்குக்கோடு இருந்தால் 'ஹன்', அதாவது 'அவன்'. எழுத்தின் மேல் கிடைக்கோடு பெரும்பாலும் 'ன்' அல்லது 'ம்'. நெளிகோடு 'எர்' அல்லது 'இர்'. இந்தச் சுருக்கங்களை நீங்கள் விரித்து எழுதிய பகுதியைச் சாய்வெழுத்தில் காட்டுங்கள். எழுத்துமுறையைத் திருத்தவே கூடாது: சுவடியின் காலத்தைக் கணிக்க அதுவே சான்று. ஒரே சொல் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் கண் தாவி, இடையில் உள்ளது விடுபடும். பழங்கால எழுத்தர்களும் இப்படித்தான் வரிகளை இழந்தார்கள். முடித்தபின் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் படத்தை மறுபடி பாருங்கள், பதிப்பும் தவறியிருக்கலாம்.

ஒரே பாடத்தை மெனோட்டா என்ற இடைக்கால நார்டிக் நூல்களின் எண்ணிமக் காப்பகம் மூன்று நிலைகளில் தரும்: எழுத்துருவம் மாறாமல், சுருக்கங்களை விரித்து, அகராதி எழுத்துமுறைக்கு மாற்றி. அதன் எக்ஸ்எம்எல் குறியீட்டை (உரையின் பகுதிகளைக் கணினிக்கு அடையாளம் காட்டும் முறை) கற்றால் நூலகம், எண்ணிமப் பதிப்புத் திட்டங்களிலும் இடம் தேடலாம். பேராசிரியர் பணி மிகக் குறைவு என்பதால் இது அவசியம். ஜெர்மனியில் கல்வித் தகுதி பெறுவதற்கான தற்காலிக ஒப்பந்தப் பணிக்கு முனைவர் பட்டத்துக்கு முன் 6, பின் 6 ஆண்டுகள் என்று பொதுவான சட்ட வரம்பும் உண்டு.

முனைவர் ஆய்வுக்குப் புகழ்பெற்ற சாகாவின் 'கருப்பொருள்' வேண்டாம். காகிதச் சுவடிகள் நான்கைந்தை எடுத்து, ஒரே அத்தியாயத்தின் பாடபேதங்களை ஒப்பிட்டு, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேளுங்கள். ஐஸ்லாந்தில் கையால் படியெடுப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நடந்தது. ஆராயாத பிரதிகள் ஏராளம்.

ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் முதுகலைக்கோ, ரெய்க்யாவிக்கிலும் கோபன்ஹேகனிலும் நடக்கும் ஆர்னமாக்னேயன் கோடைப் பள்ளிக்கோ (சுவடியியல் பயிற்சி) விண்ணப்பிக்கும் முன் குறைந்தது ஐந்து பக்கமாவது படியெடுத்திருங்கள். மாதிரி கேட்டால், ஐயமுள்ள எழுத்துகளைக் குறித்துக் காட்டிய பக்கத்தையே அனுப்புங்கள்.