பெட்ரோல் கார் பழக்கத்தோடு மின்சாரக் கார்: தீ விஷயத்தில் நடக்கும் தவறுகள்

மலேசியாவில் எரியும் கார் வீடியோ ஒன்று கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் வந்தால் போதும், மின்சாரக் கார்களை பேஸ்மெண்டில் விடாதீர்கள் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். சுவீடன் அரசின் 2022 கணக்கில் பெட்ரோல், டீசல் கார்களில் 0.08 சதவீதம் தீப்பிடித்தன; மின்சாரக் கார்களில் 0.004 சதவீதம்தான். மின்சாரக் கார்கள் பெரும்பாலும் புது வண்டிகள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலைய நிறுத்துமிடத்தில் 1,400-க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பாழாக்கிய தீ, டீசல் காரில் தொடங்கியது.

அதற்காக அசட்டையாகவும் இருக்க முடியாது. 2024 ஆகஸ்டில் தென்கொரியாவின் இஞ்சோனில், சார்ஜில் போடாமல் சும்மா நின்ற மின்சாரக் கார் பேஸ்மெண்டில் பற்றிக்கொண்டது. பணியில் இருந்தவர், தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை நிறுத்திவிட்டதால் தீ பரவியது. நிர்வாகக் கூட்டத்தில் தடை கேட்பதைவிட, ஸ்பிரிங்க்ளர் வால்வு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் வீடுகளில் அதிகம் பார்க்கிற தவறு, காரைச் சாதாரண சுவர் பிளக்கில் சார்ஜ் செய்வது. கெட்டில் 3 நிமிடத்தில் நின்றுவிடும். கார் அப்படியல்ல; 10 ஆம்பியரில் 30 யூனிட் ஏற்ற சுமார் 13 மணி நேரம் அதே பிளக் சுமை தாங்க வேண்டும். பழைய தரை வீட்டின் சாக்கெட்டில் உள்ளே கிளிப் தளர்ந்திருந்தால், தொடும் இடத்தில்தான் சூடு சேரும். அரை மணி கழித்து புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடோ, பிளக் முள் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறமோ, மீன் நாற்றமோ இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சமையலறையில் மீன் இருக்காது, உருகுவது சாக்கெட். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம், அதிலும் சுருட்டி வைத்த ரீல் தன் சூட்டிலேயே உருகும். 7 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் பொருத்தும் கார் சார்ஜர்) என்றால் 32 ஆம்பியர். அதற்குத் தனி பிரேக்கர், தனி வயர், 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே கரண்டை வெட்டும் பாதுகாப்புக் கருவி தேவை. பதிவு பெற்ற மின் ஒப்பந்ததாரரே போட வேண்டும். ஏர்கோன் வயரில் கிளை எடுத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது வெள்ளம். பெட்ரோல் கார் முழுகினால் காயவைத்து, எண்ணெய் மாற்றி, ஸ்டார்ட் செய்து பார்ப்பது இங்கே வழக்கம். மின்சாரக் காரில் அதைச் செய்யக் கூடாது. பினாங்கில் மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் உப்புத் தண்ணீர் ஏறும். பேட்டரிப் பெட்டிக்குள் புகுந்தால், தண்ணீர் வற்றினாலும் உப்புப் படிவம் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். சார்ஜில் போடாதீர்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். வீட்டையும் மற்ற வண்டிகளையும் விட்டு 15 மீட்டராவது தள்ளி வெட்டவெளியில் விடுங்கள். இழுவை வண்டி, காரை முழுதாக மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான தளம் உள்ளதாக இருக்கட்டும். சக்கரம் உருண்டால் மோட்டார் கரண்ட் உற்பத்தி செய்யும்.

இனி எரியும்போது. பெட்ரோல் காரில் பானெட்டைத் திறந்து பார்ப்பதே தவறு. காற்று உள்ளே போனதும் தீ முகத்துக்குச் சீறும். மின்சாரக் காரில் ஆபத்து தரைக்கடியில். பொரி பொரிவதுபோலச் சத்தம் கேட்டு வெள்ளைப் புகை வந்தால் அது நீராவியல்ல, நஞ்சும் கலந்த எரியும் வாயு. பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையானால் எளிதில் இந்நிலைக்குப் போகாது என்பது உண்மை. போகவே போகாது என்று நினைப்பது தவறு. பவுடர் தீயணைப்பான் மேல் தீயைத்தான் அடக்கும், உள்ளே உள்ள பேட்டரி செல்லைக் குளிர்விக்காது. எல்லாரையும் இறக்கி, புகை வராதபடி, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக 30 மீட்டராவது விலகி, 999-க்கு அழையுங்கள். மின்சாரக் கார் என்பதையும் மாடலையும் முதலிலேயே சொல்லுங்கள். தீயணைப்புப் படை அதற்கேற்பத் தண்ணீரோடு வரும்.

தீ அணைந்த காரைப் பட்டறைக் கூரைக்கடியில் நிறுத்தவும் வேண்டாம். மறுநாள் தானே பற்றிக்கொண்டால் பக்கத்தில் நிற்கும் வண்டிகளும் போகும்.