ஓடாத படத்தை ஊருக்குப் போட்டுக் காட்டுவது எப்படி

தமிழ்நாடு-கேரள எல்லையில், எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில் 'பொட்டி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். தமிழ்க்காரர் 'பொட்டி வந்தாச்சா' என்று கேட்டால் கொட்டகைக்குப் படம் வந்து இறங்கிவிட்டதா என்று கேட்கிறார். அதே டீக்கடை பெஞ்சில் மலையாளத்துக்காரர் 'படம் பொட்டி' என்றால் படம் ஊத்திக்கொண்டது என்று பொருள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இரண்டும் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருக்கும். எனக்கு இந்த இரண்டாவது வகைப் படங்கள் மேல் தனிப் பிரியம். நான்கு வருடமாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் மொட்டைமாடியில் அப்படி ஒரு படம் போடுகிறேன், சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தவர் என்று பத்திருபது பேர் வருவார்கள். நீங்களும் உங்கள் வீட்டில் இதைச் செய்ய நினைத்தால், இத்தனை நாளில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, அந்தப் படம் ஏன் ஓடவில்லை என்று விசாரிப்பது. இதைச் செய்யாமல் படம் போடவே போடாதீர்கள். ஏனென்றால் அன்றைக்குக் கொட்டகைக்கு வந்தவர்கள் எதை எதிர்பார்த்து ஏமாந்தார்களோ, இன்றைக்கு உங்கள் மாடிக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் அதையே எதிர்பார்த்துத்தான் உட்காருவார்கள். படம் அதேதான், மனிதர்களும் கிட்டத்தட்ட அதேதான். நீங்கள் மாற்றக்கூடியது அந்த எதிர்பார்ப்பை மட்டும்தான்.

கமல் நடித்த குணாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1991 நவம்பர் 5, தீபாவளி. அதே நாளில் தளபதி. ரஜினியும் மம்மூட்டியும் சேர்ந்து நிற்கிற படம் ஒரு பக்கம், மனநலம் சரியில்லாத ஒருவன் ஒரு பெண்ணைத் தன் அபிராமி என்று நம்பி மலைக்குத் தூக்கிக்கொண்டு போகிற படம் மறுபக்கம். பண்டிகைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் எதற்குப் போவார்கள்? குணா மோசமான படம் என்பதால் பின்தங்கவில்லை, அந்த நாளுக்கான படமாக அது இல்லை, அவ்வளவுதான். கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் 'டெவில்ஸ் கிச்சன்' என்று பெயர் வைத்த இடம் இந்தப் படத்துக்குப் பிறகு குணா குகை ஆனது. 2024-இல் அந்தக் குகையில் நடக்கிற, குணா பாட்டும் வருகிற மலையாளப் படம் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்ததும் எங்கள் தெருவில் மலையாளம் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகள்கூட 'அண்ணா, அந்தப் பாட்டு வர்ற முழுப் படம் இருக்கா' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் போட்டுக் காட்டும்போது ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொன்னேன்: இதை எழுதியவர் சாப் ஜான், கேமரா வேணு, இரண்டு பேருமே உங்கள் ஊர்க்காரர்கள். அதன்பிறகு ஒருவன்கூட போனை எடுக்கவில்லை. ஆரம்பத்தில் குணா பேசிக்கொண்டே சுற்றுகிற காட்சியில் கேமராவும் கூடவே சுற்றுகிறதே, அதை இரண்டு தடவை போடச் சொன்னார்கள்.

சில படங்களுக்கு இன்னும் எளிதாகக் காரணம் கிடைக்கும். அந்த நாள், 1954, ஏவிஎம் தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டே கிடையாது. நடனமும் சண்டையும் கிடையாது. பத்துப் பாட்டு இல்லாமல் படமே இல்லை என்று இருந்த காலத்தில் சிவாஜி நடித்த படத்துக்குப் போய் உட்கார்ந்து, ஒரு பாட்டாவது வருமா என்று கடைசிவரை காத்திருந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, படம் ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்று 'இதில் பாட்டு கிடையாது, ஒரு கொலை, யார் செய்தது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள்' என்று இரண்டு வரி சொல்வதுதான். எண்பது வயது அத்தைகூட நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்.

இந்த முன்னுரை அரை நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, 'இது காவியம், அப்போது யாருக்கும் புரியவில்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் பார்க்கிறவர் கைகட்டி உட்கார்ந்துகொள்வார், எங்கே காவியம், காட்டு பார்ப்போம் என்று. வசூல் கதையையும் படம் முடிந்த பிறகு சொன்னால் போதும்.

சரி, எந்தப் படத்தை எடுப்பது? ஓடாத படமெல்லாம் நல்ல படம் கிடையாது. பல படங்கள் ஓடாததற்கு நியாயமான காரணம் உண்டு. நான் வைத்திருக்கிற அளவுகோல் இதுதான்: பார்த்து ஐந்து வருடம் ஆன பிறகும் சம்பந்தமே இல்லாத ஒரு நேரத்தில், பஸ்ஸுக்கு நிற்கும்போதோ பல் தேய்க்கும்போதோ, அதில் ஒரு காட்சி தானாக மனசில் வந்து நிற்கிறதா? வந்தால் அதைப் போடலாம். அப்புறம், குறை படத்துக்கு வெளியே இருந்ததா உள்ளே இருந்ததா என்று பாருங்கள். ரிலீஸ் தேதி, எதிரில் வந்த படம், போஸ்டர் சொன்ன பொய், இதெல்லாம் வெளிக் குறை. இருபது வருடத்தில் அவை தானாக உதிர்ந்துவிடும். உள்ளே குறை இருந்தால் நீங்கள்தான் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும்.

ஆயிரத்தில் ஒருவன் எனக்கு அப்படித்தான். 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவன் படம். முதல் பாதி புதையல் தேடிப் போகிற சாகசம், இரண்டாம் பாதி தொலைந்துபோன சோழக் கூட்டத்தின் பசியும் அழிவும். இரண்டும் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே மூச்சில் பார்க்கும்போது முதல் பாதியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டாம் பாதியில் திணறுகிறார்கள். முதல் தடவை நான் முழுசாகப் போட்டபோது பதினொரு மணிக்கு மாடியில் ஆறு பேர்தான் மிச்சம். அடுத்த வருடம் இரண்டு ராத்திரியாகப் பிரித்தேன், சனிக்கிழமை முதல் பாதி, ஞாயிற்றுக்கிழமை மீதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. பார்த்திபன் வந்ததிலிருந்து பேசுகிற பழந்தமிழ் எங்கள் பக்கத்து மலையாளிகளுக்கு எப்படிப் புரியும் என்று பயந்தேன், பள்ளியில் கொஞ்சம் பழைய மலையாளம் படித்திருந்த ஒரு சேச்சி எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார். தமிழில் இழுபறியாக இருந்த இந்தப் படம் தெலுங்கில் நன்றாகவே ஓடியது என்பதையும் நினைவில் வையுங்கள். ஊர் மாறினால் தீர்ப்பும் மாறுகிறது, எல்லையில் இருக்கிற நமக்கு இது புதிதில்லை.

இருவர் போட்டால் எங்கள் ஊரில் நடப்பதே வேறு. 1997 பொங்கலுக்கு வந்து தோற்ற படம், எம்ஜிஆர்-கருணாநிதி நட்பின் சாயலில் எடுத்தது, பிரகாஷ்ராஜுக்கும் ஒளிப்பதிவுக்காக சந்தோஷ் சிவனுக்கும் தேசிய விருது கிடைத்தது. எம்ஜிஆரின் அம்மா வீடு வடவன்னூரில் இருக்கிறது, எங்கள் சித்தூர் தாலுகாவேதான். அதனால் மோகன்லால் திரையில் வந்த நிமிஷத்திலிருந்து 'இது யாரு, அது யாரு' என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கணக்குதான் இந்தப் படத்தைக் கெடுக்கிறது. யார் யார் என்று தேடினால் இரண்டு நண்பர்கள் ஒருவரை ஒருவர் இழக்கிற கதை கண்ணில் படாது. நான் என்ன செய்கிறேன் என்றால், அந்தக் கணக்கை முதலிலேயே உரக்கச் சொல்லி முடித்துவிடுகிறேன், ஐந்து நிமிஷம் எல்லோரும் பேசட்டும், பேசித் தீர்த்த பிறகு விளக்கை அணைக்கிறேன். அரை நிமிஷ விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு.

எந்த வடிவம் கையில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாபா 2002-இல் வந்ததற்கும் 2022 டிசம்பரில் மறுபடி வந்ததற்கும் வெட்டும் நீளமும் வேறு. மலையாளத்தில் தேவதூதன் 2000-இல் தோற்றது, 2024-இல் 4கே ஆக்கி வெளியிட்டபோது கொட்டகை நிறைந்தது, அந்தப் பதிப்பிலும் மாற்றி வெட்டியிருக்கிறார்கள். முடிந்தால் பழையதையே போடுங்கள், தோற்றது எதுவோ அதைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஆரண்ய காண்டம், ஹே ராம் மாதிரி படங்களைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்குத்தான். வீட்டு மாடியில் சொந்தபந்தத்தோடு பார்க்கும்வரை சரி. வாயனசாலை (ஊர் நூலகம்) ஹாலிலோ கோயில் திடலிலோ ஊரைக் கூட்டிப் போடுவதாக இருந்தால் உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் வைக்காவிட்டாலும் வாங்க வேண்டும். ஏற்கனவே நஷ்டப்பட்ட படம், அதைத் திருட்டுப் பிரதியில் வேறு பார்ப்பது எனக்கு மனசு வராது.

இப்போது திரை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பற்றித் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும், தையில் கிழக்கிலிருந்து அடிக்கும், நடுவில் கொஞ்ச நாள்தான் மூச்சு விடும். இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்து மூங்கிலில் கட்டிப் பார்த்தேன், பாய்மரம் மாதிரி உப்பி, கமல் முகம் ஒரு தடவை பூசணிக்காய் ஆகும், அடுத்த தடவை புடலங்காய் ஆகும். அடியில் பிவிசி குழாயில் மணல் நிரப்பிக் கட்டினால் கொஞ்சம் அடங்கும், அதுவும் ஆடியில் நிற்காது. கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் பக்கச் சுவருக்கே வெள்ளை அடித்துவிட்டேன். அதில் ஒரு பாடம்: நம் ஊரில் சுண்ணாம்பில் பளிச்சென்று இருக்க நீலம் கலப்பார்கள். பகலில் அழகாகத்தான் இருக்கும், ராத்திரி படம் விழுந்தால் எல்லோருடைய தோலும் சவம் மாதிரி நீலம் பாரித்துத் தெரியும். நீலம் போடாதே என்று வெள்ளை அடிக்க வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு கை அடித்து, மேலே உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்தால் போதும்.

புரொஜெக்டர் எது வாங்கினாலும் பரவாயில்லை, நன்றாக இருட்டிய பிறகு ஆரம்பியுங்கள். ஒலிதான் முக்கியம். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் வாடகைக்கு எடுக்கிற ஸ்பீக்கர் கல்யாணப் பாட்டுக்கு ஆனது, பேஸைக் குறைக்காவிட்டால் வசனம் குழம்பிவிடும். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள், ஆட்களுக்குப் பின்னால் வைக்காதீர்கள். இந்தப் படங்களில் பாதி மெதுவாகப் பேசுகிற படங்கள்.

படம் முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு 'நல்லா இருந்துச்சு' என்பதைத் தவிர வேறு பதில் வராது. சுக்குக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். போன வருடம் அன்பே சிவம் போட்டேன். எங்கள் சித்தப்பா அதை 2003 பொங்கலுக்குப் பொள்ளாச்சியில் பார்க்கப் போய், பாதியில் எழுந்து அதே பொங்கலுக்கு வந்திருந்த தூளுக்குப் போனவர். அன்றைக்கு அவருக்கு முப்பத்தெட்டு வயது, பண்டிகைக்கு நாலு சண்டை பார்க்க வந்த மனுஷன், தழும்பு முகமும் தடித்த கண்ணாடியுமாக ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் என்ன செய்வார். அந்தப் பொங்கலுக்கும் இந்தச் சனிக்கிழமைக்கும் நடுவில் அவருக்கு ஒரு பைக் விபத்து, வலது காலில் பிளேட். மாடியில் கைப்பிடிச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் காட்சி வந்தபோது முறுக்குத் தட்டைக் கீழே வைத்தார், வைத்தவர் கடைசிவரை எடுக்கவில்லை. முடிந்த பிறகு வெகுநேரம் காலைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு 'அன்னிக்கு எதுவரைக்கும் பார்த்தேன்னு ஞாபகம் இல்ல, அந்த எடத்தக் கொஞ்சம் போடு' என்றார். ராத்திரி ஒரு மணி. போட்டேன்.

அதனால் படம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டாதீர்கள், அரை மணி நேரமாவது புரொஜெக்டர் எரியட்டும். நடுவில் எழுந்து போகிறவர்களைப் பிடித்து நிறுத்தவும் வேண்டாம். படிக்கட்டு விளக்கை மட்டும் போட்டு வையுங்கள், அவர்கள் தடுமாறாமல் இறங்கவும், கீழே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வசனம் காதில் விழுந்து திரும்ப ஏறி வரவும் அது வேண்டும்.