1466264675 என்ற எண் காட்டிய வழி

நிர்வகிக்கப்படும் சர்வர்களில் தனி மென்பொருள் எதையும் நிறுவாமல், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக உள்நுழையும் முறை) வழியாகவே வேலை செய்வது, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்க உதவும் கருவியான அன்சிபிள். எங்கள் சர்வர்களில் ஒன்று மட்டும், கோப்புகளை எஸ்எஃப்டிபி மூலம் அனுப்பும் கட்டத்தில், 1466264675 அளவுள்ள மிக நீண்ட செய்தி வந்ததாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தது. கையால் உள்நுழைந்தால் எல்லாம் சரியாக இருந்ததால், சாவிகள், ஃபயர்வால், 'நீண்ட' என்ற சொல்லை நம்பி எம்டியூ (ஒரு நெட்வொர்க் பாக்கெட்டின் உச்ச அளவு) என்று பல நாள்கள் வீணாயின.

அந்த எண் ஓர் அளவே அல்ல. எஸ்எஃப்டிபி செய்தியின் முதல் 4 பைட்டுகள் அதன் நீளத்தைக் குறிக்கும். இந்த எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 57, 65, 6சி, 63 என வரும், கணினியின் எழுத்துக் குறியீட்டில் இவை 'வெல்கம்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் 4 எழுத்துகள். ஷெல் தொடங்கும்போது தானாக இயங்கும், பயனரின் பேஷ்ஆர்சி கோப்பில் யாரோ சேர்த்திருந்த வரவேற்பு வரியை, எஸ்எஃப்டிபி நீளமாகப் படித்திருக்கிறது.

மனிதர் தட்டச்சு செய்யாத அமர்வுகளில் கோப்பு அங்கேயே திரும்பிவிடும்படி, அந்த வரிக்கு மேலே ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் அன்சிபிள் தடையின்றி ஓடியது, பெரும் நிம்மதி. சோதிக்க எளிய வழி: எஸ்எஸ்ஹெச் மூலம், எதுவும் செய்யாத 'ட்ரூ' கட்டளையை மட்டும் இயக்குங்கள், திரையில் ஓர் எழுத்துகூட வரக் கூடாது.