மூன்லைட் சொனாட்டா: மூன்றாம் பகுதியைப் பிடிக்க ஒரு வழி
கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பியானோ கிரேடு தேர்வுகள் முடித்துவிட்டு, பீத்தோவன் 1801-இல் எழுதிய பியானோ இசையான மூன்லைட் சொனாட்டாவில் கை வைப்பவர்களுக்கு இது. மூன்றாம் பகுதியில் வலது கை கீழிருந்து மேலே பாய்ந்து ஏறும். அந்த ஓட்டத்தை ஒவ்வொரு ஸ்வரமாகப் பழகாதீர்கள். நாலு நாலு ஸ்வரமாகச் சேர்த்து ஒரே கார்டாக (chord, பல ஸ்வரம் ஒன்றாக ஒலிப்பது) அழுத்துங்கள்; அடுத்த இடத்துக்குத் தாவி அங்கேயும் அப்படியே. கை எங்கே போய் உட்கார வேண்டும் என்பது பதிந்த பிறகு பிரித்து வாசியுங்கள். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டு என வைத்து, ஒரு தட்டுக்கு நாலு ஸ்வரம் போதும். உச்சியில் வரும் இரண்டு அழுத்தமான கார்டில் தோள் இறுகினால் உடனே நிறுத்திவிடுங்கள், வலியோடு வாசிக்கவே கூடாது.

வீட்டில் 61 கட்டை கீபோர்டா? முதல் பகுதியின் இரண்டாவது பாரிலேயே (bar, ஒரு தாளச் சுற்று) கீழ் ஸ்வரம் கிடைக்காது. 76 கட்டையாவது தேவை.