டிரேட்மார்க் பழகும் ஜூனியர்கள் சறுக்கும் இடங்கள்

கிண்டி டிரேட்மார்க் அலுவலகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஃபைலோடு அலையும் ஜூனியர் வக்கீல்கள் அதிகம் கோட்டை விடுவது பயன்பாட்டுத் தேதியில்தான். எப்போதிலிருந்து இந்தப் பெயரில் விற்கிறீர்கள் என்று கேட்டால், “அப்பா காலத்துலேருந்தே சார்” என்பார் கட்சிக்காரர். உடனே ஒரு உத்தேச வருடத்தை விண்ணப்பத்தில் போட்டுவிடாதீர்கள். 2017 டிரேட்மார்க் விதிகளின்படி, ஏற்கெனவே பயன்படுத்துவதாகச் சொன்னால் அஃபிடவிட்டும் (பிரமாணப் பத்திரம்) ஆவணங்களும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். 1985 என்று எழுதிவிட்டு, கையில் இருக்கும் முதல் பில் 2009-ஐச் சேர்ந்தது என்றால், எதிர்த்தரப்பு சரியாக அங்கேதான் கை வைக்கும். பழைய பில், லேபிள் அச்சடித்த ரசீது, பத்திரிகை விளம்பரம் எல்லாவற்றையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தேதியெல்லாம் அப்புறம்.

இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையொட்டித்தான்: பதிவு செய்தவரைவிட முன்பே பயன்படுத்தி வருபவரின் உரிமை மேலானது. அதனால் பதிவுச் சான்றிதழை மட்டும் நம்பி நோட்டீஸ் விடாதீர்கள். எதிராளி நம்மை முந்தியவராக இருந்தால்? ஆதாரமில்லாத மிரட்டல் என்று டிரேட்மார்க் சட்டத்தின் 142-ஆம் பிரிவில் அவரே வழக்குப் போடவும் வழியிருக்கிறது.

அதேபோன்ற பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்ற தேடலில், தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்; ஒலிப்பு முறையிலும் தேடுங்கள். பொருள், சேவை வாரியாகப் பிரித்த வகுப்பும் முக்கியம்: காபித்தூள் 30, காபிக்கடை 43.

புகழ்ச்சிச் சொல்லைப் பெயராக்க ஆசைப்படாத கட்சிக்காரரே இல்லை! ‘மேஜிக் மசாலா’வுக்காக நெஸ்லே மீது ஐடிசி தொடுத்த வழக்கு 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

ஏற்கெனவே உள்ள இன்னொரு பெயரோடு ஒத்திருக்கிறது என்பதுபோன்ற ஆட்சேபங்களை அலுவலகம் எழுதியனுப்பும் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்டுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த அவசரத்தில் பழைய பதிலைக் காப்பியடித்து, ‘இரண்டு பெயருக்கும் துளியும் ஒற்றுமை இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். பின்னாளில் அந்த இன்னொரு பெயர்க்காரர் மீதே வழக்குப் போட நேர்ந்தால், எதிர் வக்கீல் உங்கள் பதிலையே நீதிபதியிடம் படித்துக் காட்டுவார். அது இணையத்தில் யாரும் எடுக்கக்கூடிய ஆவணம்தானே. என்னைக் கேட்டால், ஜூனியரின் வரைவில் சீனியர் வரிவரியாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அலுவலகம் வெளியிடும் டிரேட்மார்க் ஜர்னலில் விண்ணப்பம் வந்தபின் நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை கைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் கவுன்டர் ஸ்டேட்மென்ட் (பதிலறிக்கை) போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்த நோட்டீஸ் பெரும்பாலும் இமெயிலில்தான் வரும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.