இன்ஜின் மாற்றிய பழைய காருக்கு ரேடியேட்டர்: வாங்கும் முன் எதை அளப்பது?

அம்பாசடரிலோ கான்டெஸாவிலோ வேறு இன்ஜின் ஏற்றியிருந்தால், கடையில் காரின் பெயரைச் சொல்லி ரேடியேட்டர் கேட்காதீர்கள். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ, அதன் ரேடியேட்டர்தான் அளவுகோல். கோர், அதாவது தண்ணீர் ஓடும் குழாய்களும் தகடுகளும் உள்ள நடுப்பகுதி, அதன் முகப்பரப்பு அதைவிடக் குறையக் கூடாது. இடம் போதாவிட்டால் தடித்த கோர் எடுக்கலாம்; ஆனால் தடிமன் கூடக்கூடக் காற்று நுழையத் திணறும். ஃபேனைச் சுற்றி மூடும் உறையான ஷ்ரௌட் கட்டாயம். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கும்போது ஃபேன் இழுப்பது மட்டுமே காற்று.

வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்குக் கிளம்பும் முன் இன்ஜின் பக்க ஹோஸ் வாய்களின் விட்டம், அவை வலமா இடமா, வாட்டர் பம்புக்கு முன்னால் எவ்வளவு இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மவுன்டிங்கில் இன்ஜின் ஆடும். அதனால் ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் நடுவே 25 மி.மீ. விடுவது நல்லது.

பலர் கோட்டைவிடுவது உயரத்தில். ரேடியேட்டரின் மேல்பக்கம் சிலிண்டர் ஹெட்டைவிடத் தாழ்ந்தால் காற்று ஹெட்டிலேயே அடைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை ரேடியேட்டர் மாற்றினாலும் சூடுதான். சூட்டில் விரியும் கூலன்டுக்கு இடம் தரும், அழுத்தம் தாங்கும் எக்ஸ்பான்ஷன் டாங்கை எல்லாவற்றுக்கும் மேலே பொருத்தி, பிரஷர் மூடியை அதில் போடுங்கள். மூடி இன்ஜினுக்கு ஏற்றதாக இருக்கட்டும். புதிய இன்ஜின்கள் பல 0.9 அல்லது 1.1 பார் அழுத்த மூடி கேட்கும். கேபினைச் சூடாக்கும் பழைய ஹீட்டர் கோர் அதைத் தாங்காமல் கசியலாம்.

கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறந்தால் ஃபேன் சுவிட்ச் 92 அளவில் போதும். 82-க்குக் கீழே வைத்தால் ஃபேன் ஓயவே ஓயாது.

போர்வெல் தண்ணீர் வேண்டாம், புதுக் கோரிலும் உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் தண்ணீர் கலக்காத கூலன்டும் சரிபாதி ஊற்றுங்கள்.